மரபணுவும் தொடக்கக் கால வளர்ப்பும்

தாய் தந்தையிடமிருந்து வரும் மரபணுக்களும், கருவிலிருந்து ஏறக்குறைய மூன்று வயது வரை கிடைக்கும் உணவு, தொடுகை, பேச்சு, பாதுகாப்பு ஆகியவையும் சேர்ந்தே ஒரு குழந்தையை உருவாக்குகின்றன. இதில் எத்தனை பங்கு மரபு, எத்தனை பங்கு வளர்ப்பு என்று கேட்பது வழக்கம். ஒரு தனிக் குழந்தையைப் பொறுத்தவரை அப்படிப் பங்கு பிரிக்க முடியாது. ஒரே மரபணு ஒரு வீட்டில் நோயாக வெளிப்படும். இன்னொரு வீட்டில் அது இருப்பதே தெரியாமல் ஆயுள் கழிந்துவிடும். மும்பையில் செம்பூரும் அதை ஒட்டிய தேவ்னார், கோவண்டி, மான்குர்த் பகுதிகளும், சற்றுத் தள்ளியுள்ள சயானும் தாராவியும் இதை நேரில் காணக்கூடிய இடங்கள். வசதியும் வறுமையும் இங்கே ஒரு ரயில் நிலைய தூரத்தில் இருக்கின்றன. குழந்தை நலம் பற்றிய முக்கியமான சில ஆய்வுகளும் இந்த வட்டாரத்திலிருந்தே வந்திருக்கின்றன.

உயரம்

1956இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் செம்பூரை அடுத்த தேவ்னாரில் இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வை 1992-93 முதல் ஒருங்கிணைத்து வருவது இந்த நிறுவனம்தான். 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இந்திய அளவில் 35.5 சதவீதம், மகாராஷ்டிரத்தில் 35.2, தமிழ்நாட்டில் 25.

இதைக் கேட்டதும் “நம்ம வாகே அப்படித்தான்” என்று பரம்பரை மேல் போட்டுவிடுகிறவர்கள் படித்தவர்களிலும் உண்டு. அவர்களுக்கான பதில் உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை நடத்திய வளர்ச்சி ஆய்வில் இருக்கிறது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து, நல்ல சூழலில், புகைபிடிக்காத தாய்மாரிடம் வளர்ந்த குழந்தைகளை அளந்தார்கள். இந்தியாவில் தேர்ந்தெடுத்த இடம் தெற்கு டெல்லி. உயர வேறுபாட்டில் நாட்டுக்கு நாடு உள்ள வித்தியாசம் சுமார் 3 சதவீதம்தான். ஒரே ஊர்க் குழந்தைகளுக்குள் இருந்த வேறுபாடோ சுமார் 70 சதவீதம். ஒரு குழந்தை இன்னொன்றைவிட நெடிதாக வளர்வதில் மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஒரு வட்டாரத்துக் குழந்தைகள் மொத்தமாகக் குட்டையாக இருந்தால் அதற்கு மரபணுவைக் காரணம் காட்ட முடியாது.

அந்த ஆய்விலிருந்து 2006இல் பிறந்ததுதான் இன்று அங்கன்வாடிகளில் பயன்படும் வளர்ச்சி அட்டை. பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு, ஆண் குழந்தைக்கு நீலம். உள்ளே பச்சை, மஞ்சள், ஆரஞ்சுப் பட்டைகள். எடை பார்த்ததும் வைக்கிற புள்ளி எந்தப் பட்டையில் விழுகிறது என்பதை மட்டும் தேர்ந்த பணியாளர் பார்ப்பதில்லை. கோடு எந்தப் பக்கம் போகிறது என்றும் பார்ப்பார். கீழே இருந்தாலும் ஏறிக்கொண்டிருக்கும் கோடு நம்பிக்கை தரும். பச்சையிலேயே இருந்தும் இரண்டு மூன்று மாதமாகப் படுத்துவிட்ட கோடு என்றால் அந்த வீட்டுக்கு உடனே போக வேண்டும்.

பாச்சை உருண்டை

மரபணுவும் வளர்ப்பும் கைகோக்கும் விதத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது ஜி6பிடி குறைபாடு. சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கும் நொதி இதில் போதிய அளவு வேலை செய்யாது. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். மும்பையில் பார்சிகளிடம் இது கூடுதலாகக் காணப்படுவது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. மற்ற சமூகங்களிலும் உண்டு. இக்குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்கிறார்கள்.

இப்போது ஒரு செம்பூர்த் தமிழ் வீட்டை எண்ணிப் பார்க்கலாம். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும் என்று மூத்த குழந்தையின் சட்டைகளையும் தாத்தாவின் பழைய வேட்டித் துண்டுகளையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். பூச்சி அரிக்காமலிருக்க அதில் பாச்சை உருண்டை போட்டிருக்கும். அந்த நாப்தலீன் ஆவி மூச்சு வழியாகவும், எண்ணெய் தடவிய தோல் வழியாகவும் உள்ளே போகிறது. சாதாரணக் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைக்கோ சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகும். கவனிக்காமல் விட்டால் பிலிருபின் மூளையில் படிந்து, காது கேளாமை, கைகால் அசைவுக் கோளாறு என்று நிரந்தரப் பாதிப்பில் முடியலாம். இதில் மரபணு மட்டும் குற்றவாளி அல்ல. பெட்டியும் தனியாகக் குற்றவாளி அல்ல. இரண்டும் சந்தித்த இடத்தில்தான் கேடு பிறக்கிறது. அந்தப் பெட்டியைத் திறந்தவர்கள் அன்பினால் திறந்தவர்கள். ஆகவே பிரசவத்துக்கு முன்பே இதைச் சொல்லிவைப்பது மருத்துவரின் கடமை.

இதே கதை நேர்மாறாகவும் நடக்கும். பினைல்கீட்டோனூரியா என்ற மரபணு நோயை நார்வேயின் அஸ்பியோர்ன் ஃபோலிங் 1934இல் கண்டறிந்தார். பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் சிதைக்க முடியாததால் மூளை வளர்ச்சி குன்றும். 1950களின் தொடக்கத்தில் ஹார்ஸ்ட் பிக்கல் பர்மிங்காமில் அந்த அமிலம் குறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்து, நோயின் போக்கு மாறுவதைக் காட்டினார். மரபணு அப்படியேதான் இருக்கிறது. தட்டில் விழும் உணவு மாறியதால் குழந்தையின் வாழ்வே மாறுகிறது. பிறந்த சில நாட்களுக்குள் குதிகாலில் எடுக்கும் ஒரு துளி ரத்தத்தில் இத்தகைய நோய்களைக் கண்டுபிடிக்கலாம். எல்லாக் குழந்தைக்கும் இந்தச் சோதனை என்ற நிலை இந்தியா முழுவதும் இன்னும் வரவில்லை.

செவித்திறன்

ஐந்தாம் சுற்றுக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதத் திருமணங்கள் நெருங்கிய உறவுக்குள் நடந்தவை. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று தொடரும் இவ்வழக்கம் மும்பைத் தமிழர்களிடமும் உண்டு. இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் கோளாறு குழந்தையில் இரட்டையாகச் சேர்வதற்கு இதனால் வாய்ப்பு கூடுகிறது. பிறவிக் காது கேளாமையின் ஒரு பகுதி இவ்வாறு வருவது.

இங்கே பந்தயம் காலத்தோடுதான். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சி தொடங்குதல் என்பது மருத்துவ உலகம் ஏற்ற கணக்கு. மூளையின் செவிப்புலப் பகுதி ஒலியையும் மொழியையும் எதிர்பார்த்திருக்கும் காலம் அது. சென்னையில் 1969இல் சரஸ்வதி நாராயணசாமியும் லீலாவதி பேட்ரிக்கும் தொடங்கிய பால வித்யாலயா கைக்குழந்தைப் பருவத்திலேயே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறது. தாயும் உடன் வந்து கற்க வேண்டும். காய் நறுக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் பேசிக்கொண்டே இருப்பதுதான் அங்கே பாடம். மும்பையில் செவித்திறன் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் 1983 முதல் பாந்த்ராவில் இயங்குகிறது. பிறவிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறியும் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமும் 2013 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் பால்கரில்தான் தொடங்கியது.

தொடுகை

மரபணு வரிசை மாறாமலே அது இயங்கும் அளவை வளர்ப்பு மாற்றக்கூடும் என்பதை மான்ட்ரியலில் மைக்கேல் மீனியின் குழு எலிகளில் காட்டியது. குட்டிகளை அதிகம் நக்கிக்கொடுக்கும் தாயிடம் வளர்ந்தவை எளிதில் மிரளவில்லை. குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்தவற்றை இடம் மாற்றி வளர்த்தபோதும் அவை வளர்த்த தாயின் வழியிலேயே அமைந்தன. மன அழுத்தத்தைக் கையாளும் ஒரு மரபணுவின் மேல் உள்ள வேதிக் குறிகள் மாறியிருந்ததை 2004இல் வெளியிட்டார்கள். மனிதக் குழந்தைக்கு இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது.

பச்சிளங்குழந்தை நலத்தில் தாராவியை அடுத்த சயான் மருத்துவமனையின் பங்கு தனியாகச் சொல்லத் தக்கது. டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை அங்கே அமைத்தார். பச்சிளங்குழந்தைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி நீவுவது பற்றி அங்கு நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. குறைமாதக் குழந்தைகளில், கனிம எண்ணெய் தடவியவர்களைவிட இவர்கள் வேகமாக எடை கூடினார்கள். கால் நீட்டி உட்கார்ந்து, பேரனைக் காலில் கிடத்தி, பேசிப் பேசி எண்ணெய் தேய்க்கும் பாட்டிமார் இதை யாரும் சொல்லாமலே செய்துவந்தவர்கள்.

ஒற்றை மரபணு விளக்கங்கள்

நியூசிலாந்தின் டுனீடின் நகரில் நடந்த ஆய்விலிருந்து 2002, 2003 ஆண்டுகளில் இரண்டு புகழ்பெற்ற கட்டுரைகள் வந்தன. சிறுவயதுக் கொடுமை ஒரு மரபணு வகையோடு சேர்ந்தால் வன்முறைக்கும், வாழ்க்கை நெருக்கடி இன்னொன்றோடு சேர்ந்தால் மனச்சோர்வுக்கும் வழிவகுக்கும் என்றன அவை. மனச்சோர்வுக்கென்று பெயர்போன 18 மரபணுக்களை மிகப் பெரிய மக்கள்தொகையில் 2019இல் சோதித்தபோது இரண்டாவது கருத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை. நடத்தையும் மனநிலையும் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் சின்னஞ்சிறு பங்குகளால் ஆனவை. “பிள்ளையின் திறமையைச் சொல்லும்” மரபணுச் சோதனை என்று விற்பவர்களிடம் பெற்றோர் பணம் கட்டத் தேவையில்லை.

இன்னொரு திசையும் உண்டு. இயல்பிலேயே அழுகை அதிகமுள்ள குழந்தை தாயின் பொறுமையைச் சீக்கிரம் கரைக்கும். சிரித்த முகம் அதிகக் கொஞ்சலை வாங்கும். தனக்குக் கிடைக்கும் வளர்ப்பைக் குழந்தையின் மரபணுவே ஓரளவு வரவழைக்கிறது. பெற்றோர் குழந்தைக்குக் கடத்தாத மரபணுக்கள்கூட, அவர்கள் அமைக்கும் வீட்டுச் சூழல் வழியாகப் பிள்ளையின் படிப்பைத் தொடுவதாக ஐஸ்லாந்து ஆய்வு ஒன்று 2018இல் காட்டியது.

வயிற்றிலேயே தொடங்குவது

மும்பையின் குடிசைப் பகுதிகளில் 2006 முதல் 6,500க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஒரு பெரிய சோதனை நடந்தது. கருவுறுவதற்கு முன்பிருந்தே ஒரு பிரிவினருக்குக் கீரை, பழம், பால் சேர்ந்த சிற்றுண்டி தினமும் தரப்பட்டது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பிறப்பெடையில் உறுதியான மாற்றம் இல்லை. கருவுறுவதற்கு மூன்று மாதம் முன்பே உண்ணத் தொடங்கியவர்களின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதலாக இருந்தன. கர்ப்பகாலச் சர்க்கரை நோயும் குறைந்தது. கர்ப்பம் உறுதியான பிறகு சத்துமாவைக் கையில் கொடுப்பது தாமதம் என்பதே இதன் பொருள்.

இடமும் நேரமும்

ஏழைக் குடும்ப இரட்டையரிடம் அறிவுத்திறன் வேறுபாட்டுக்கு மரபணு ஏறக்குறைய காரணமாகவே இல்லை, வசதியான வீடுகளில் அதுவே முதன்மைக் காரணம் என்று அமெரிக்காவில் எரிக் டர்க்ஹைமர் 2003இல் கண்டார். மேற்கு ஐரோப்பாவில் இந்த வேறுபாடு தென்படவில்லை. ஏழைக் குழந்தைக்கும் மருத்துவமும் அடிப்படை வசதியும் சீராகக் கிடைப்பது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இந்த வட்டாரத்துக்கும் அந்த விளக்கம் பொருந்திப் போகிறது. கோவண்டியும் மான்குர்த்தும் அடங்கிய எம் கிழக்கு வார்டு, 2009ஆம் ஆண்டின் மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் நகரத்திலேயே கடைசி இடத்தில் இருந்தது. வளர்ப்பு என்ற சொல்லைத் தாயின் குணத்தோடு மட்டும் கட்டிவைப்பது அநியாயம். தாய்க்கு நேரமும் இடமும் துணையும் இருந்தால்தான் அது நடக்கும். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பு தந்தது; 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. செம்பூர் அடுக்குமாடிகளில் பாத்திரம் துலக்க மான்குர்த்திலிருந்து வரும் பெண்ணுக்கு இந்த விடுப்பும் இல்லை, காப்பகமும் இல்லை. அங்கன்வாடியின் பாலர் வகுப்பும் மூன்று வயதில்தான் ஆரம்பம். அதுவரை அவளுடைய குழந்தையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பள்ளிக்குப் போக வேண்டிய அக்காதான்.