சென்னைப் பல்கலைக்கழகமும் கொங்கு நாடும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5 அன்று சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களும் அதே ஆண்டில் தோன்றியவை. தலைமை வளாகம் மெரினாவைப் பார்த்தபடி சேப்பாக்கத்தில் இருக்கிறது. திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம், தாராபுரம், உடுமலை வட்டாரத்தில் 1980-களின் தொடக்கம் வரை கலை, அறிவியல் பட்டம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது இதன் பட்டச் சான்றிதழ்தான். அவர்களில் பலர் படித்த காலத்தில் அந்த வளாகத்துக்குள் கால் வைத்ததே இல்லை. ஒரு நகரப் பல்கலைக்கழகம் நகரத்துக்கு வெளியே எவ்வளவு தூரம் வேர்விட்டது என்பதே இதன் வரலாற்றில் முதன்மையானது.

தொடக்கம் ஒரு மனுவில் இருக்கிறது. 1839 நவம்பரில் சென்னை மக்கள் 70,000 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளித்தார். உயர்கல்வி நிலையம் வேண்டும் என்பது கோரிக்கை. அடுத்த ஆண்டு நார்ட்டன் தலைமையில் பல்கலைக்கழக வாரியம் அமைந்தது. 1841-இல் தொடங்கிய உயர்நிலைப்பள்ளி பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. 1854-இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கைக்குப் பிறகே லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு சட்டம் வந்தது. வெள்ளையர் தாமாகவே கொடுத்த கல்வி என்று சொல்லிவிடுவது எளிது. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே கேட்டு நின்ற எழுபதாயிரம் கையெழுத்துகளை மறந்துவிடக் கூடாது.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக இது பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்தது, பட்டம் கொடுத்தது, அவ்வளவே. மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ., பி.ஏ. என்று படிப்படியாக வடிகட்டியது. 1858-இல் முதல் பி.ஏ. பட்டம் பெற்ற இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் வீரசோழியம், கலித்தொகை, சூளாமணி முதலிய ஏடுகளைத் தேடி அச்சேற்றினார். ஆங்கிலக் கல்வியின் முதல் பட்டதாரி பழந்தமிழ் நூல்களைக் காப்பாற்றப் புறப்பட்டது, இப்பல்கலைக்கழகத்துக்கு அமைந்த மிகப் பெரிய நற்பேறு. ராபர்ட் சிஸ்ஹோம் வடிவமைத்த செனட் மாளிகை 1879-இல் எழுந்தது. பட்டமளிப்பு விழாக்களின் நினைவு அந்த இந்தோ-சாரசனிக் மண்டபத்தோடு சேர்ந்தது.

1912-க்குப் பிறகுதான் பல்கலைக்கழகத்துக்கெனத் துறைகள் அமைந்தன, பேராசிரியர்கள் வந்தார்கள். இந்திய வரலாற்றுத் துறையில் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும் அவருக்குப் பின் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியும் சோழர் வரலாற்றைக் கல்வெட்டுகளிலிருந்து கட்டியெழுப்பினார்கள். பொருளியல் பேராசிரியராக இங்கிலாந்திலிருந்து வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் செய்தது வேறு வகை வேலை. மாணவர்களைத் தங்கள் சொந்தக் கிராமங்களுக்கே அனுப்பி, நிலம், கூலி, கடன், சாப்பாடு அனைத்தையும் கேட்டெழுத வைத்தார். அது 1918-இல் நூலானது. அதில் இடம்பெற்ற இருவேல்பட்டு முதலிய ஊர்கள் பின்வந்த தலைமுறைகளால் மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டன. ஒரே ஊரை நூறாண்டு தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு உலகில் வெகு சில இடங்களுக்கே கிடைத்திருக்கிறது. காட்டு வேலையிலிருந்து பனியன் கம்பெனி முதலாளிகளாக உயர்ந்த திருப்பூர்க் கவுண்டர்களைப் பற்றி ஷரத் சாரி எழுதி 2004-இல் வெளிவந்த ஆங்கில நூலை, அந்தப் பழைய கிராம ஆய்வுகளோடு சேர்த்து வைத்துப் படிக்கலாம்.

கல்லூரித் தேர்வில் தோற்றிருந்த ராமானுஜனுக்கு 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்ததும் இதே தேர்வுப் பல்கலைக்கழகம்தான். தன் விதியைத் தானே தளர்த்திக்கொண்ட அந்தச் செயல், இங்கே பட்டம் பெற்ற சி. வி. ராமன், சந்திரசேகர் ஆகியோரின் நோபல் பரிசுகளுக்குச் சற்றும் குறையாத பெருமை. 1924-இல் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் இங்கிருந்துதான் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். அதே ஆண்டு தமிழ் லெக்சிகன் வெளிவரத் தொடங்கியது, எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்த காலத்தில் 1936-க்குள் ஆறு தொகுதிகள் முடிந்தன. ஆ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தார். அவர் காலத்தில் வந்த ஜி. என். ராமச்சந்திரன், தோலுக்கும் தசைநாருக்கும் உறுதி தரும் கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவத்தை 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் கண்டறிந்தார்.

கொங்கு நாட்டுக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையில் நடமாடியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் திருப்பூரில் 1903-இல் பிறந்த தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார். பச்சையப்பன் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார். 1946-இல் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானதும் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கி, தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் வேண்டும் என்று முடிவெடுத்தார். முதன்மைப் பதிப்பாசிரியர் பெ. தூரன், ஈரோட்டுப் பக்கம் மஞ்சக்காட்டுவலசைச் சேர்ந்தவர். மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோது பகத்சிங் தூக்கிலிடப்பட்டதைப் பொறுக்காமல் பட்டத் தேர்வு எழுத மறுத்தவர் அவர். அவரே பிறகு சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகக் கட்டடத்தில் அமர்ந்து, அறிஞர்களிடம் கட்டுரை வாங்கி, கலைச்சொல் ஆக்கி, பத்துத் தொகுதிகளை முடித்தார். முதல் தொகுதி 1954-இல் வந்தது. தமிழில் இன்று எழுதப்படும் எந்தக் கலைக்களஞ்சியக் கட்டுரையும் அந்த உழைப்புக்குக் கடன்பட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர். கே. சண்முகம் செட்டியார், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து போன சி. சுப்பிரமணியம் ஆகியோரும் இப்பல்கலைக்கழகத்துப் பட்டதாரிகள்.

எதிர்த்திசையில் பல்கலைக்கழகமும் மேற்கே வந்தது. சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு மாறிய வேளாண் கல்லூரி 1920-இல் இதனுடன் இணைக்கப்பட்டது. கரிசல் காட்டிலும் கிணற்றுப் பாசனத்திலும் பருத்தி விளைந்த வட்டாரத்துக்கு அது பெருந்துணை. ஆலைகளும் எந்திரங்களும் பெருகியபோது 1951-இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. திருப்பூரிலேயே சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும், பெண்களுக்கு எல்.ஆர்.ஜி. கல்லூரியும் தோன்றிய பிறகு, பி.யூ.சி. படிக்கக் கோவைக்கு பஸ் ஏறும் கட்டாயம் குறைந்தது. சாயப்பட்டறை, நிட்டிங் என்று ஊர் விரிந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், குடும்பத்தின் முதல் பட்டதாரி கணக்கு எழுதவும் பையர்களுக்குக் கடிதம் எழுதவும் கம்பெனிக்குத் தேவைப்பட்டார்.

ஒரு காலத்தில் பெர்ஹாம்பூரிலிருந்து திருவனந்தபுரம் வரை பரந்திருந்த எல்லை, மைசூர் (1916), உஸ்மானியா (1918), ஆந்திரா (1926), அண்ணாமலை (1929), திருவிதாங்கூர் (1937), மதுரை (1966) என ஒவ்வொன்றாகப் பிரிந்து சுருங்கியது. கோவையில் இயங்கிய இதன் முதுநிலை மையமே 1982-இல் பாரதியார் பல்கலைக்கழகமாக மாறியது. திருப்பூர்க் கல்லூரிகள் அதன்கீழ் சென்றன. இந்தப் பிரிவுகளை இழப்பாக எண்ணத் தேவையில்லை. பிரிந்தவை எல்லாம் தழைத்தன. கவலை தாயைப் பற்றியது. அண்மை ஆண்டுகளில் நிதி நெருக்கடி முற்றியது. 2023-இல் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் அடுத்த நியமனம் நீண்டகாலம் தள்ளிப்போனது. லெக்சிகனையும் சோழர் வரலாற்றையும் தந்த துறைகளுக்கு ஆசிரியர்களும் நிதியும் உரிய நேரத்தில் கிடைத்தாக வேண்டும்.