அமெரிக்க உள்ளூர் ஏ.எம். வானொலி நிலையங்கள்

அமெரிக்க உள்ளூர் ஏ.எம். வானொலி நிலையங்கள், 535 முதல் 1705 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் ஒரு சிறுநகரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் நோக்கி ஒலிபரப்பும் நிலையங்கள். தமிழ்நாட்டு நேயர்கள் மத்திய அலை என்று அறிந்ததும் இதே வகை ஒலிபரப்புதான். இந்நிலையங்களில் பெரும்பாலானவை தனியாருக்குச் சொந்தமானவை. உள்ளூர்க் கடைகளின் விளம்பரத்தை நம்பியிருப்பவை. 1970-களின் இறுதியில் பண்பலை நேயர் எண்ணிக்கையில் ஏ.எம். ஒலிபரப்பை முந்தியது. அன்று தொடங்கிய சரிவு இன்னும் நிற்கவில்லை. 1990-ஐ ஒட்டி 5,000-ஐ நெருங்கியிருந்த அமெரிக்க ஏ.எம். நிலையங்கள் இன்று 4,400 அளவுக்குக் குறைந்துவிட்டன.

தோற்றமும் பொற்காலமும்

பிட்ஸ்பர்க் நகரின் கே.டி.கே.ஏ. நிலையம் 1920 நவம்பர் 2 அன்று அதிபர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. அமெரிக்க வணிக வானொலியின் தொடக்கமாக இந்நாளே பொதுவாகக் கருதப்படுகிறது. 1934-இல் அமைந்த கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., நிலையங்களைத் தரம் பிரித்து உரிமம் வழங்கியது. பெருநகர நிலையங்கள் சில 50,000 வாட் திறனில் பல மாநிலங்களை எட்டின. சிற்றூர் நிலையங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் 1,000 வாட்டோ அதற்கும் குறைவோதான். பலவற்றுக்குப் பகலில் மட்டுமே ஒலிபரப்ப அனுமதி இருந்தது.

1950-களில் தொலைக்காட்சி பரவியபோது நாடகங்களும் பெரிய கலைநிகழ்ச்சிகளும் வானொலியை விட்டுப் போயின. அந்த இடத்தை இசைத்தட்டு நிகழ்ச்சிகள் பிடித்தன. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் டாட் ஸ்டோர்ஸ் நடத்திய கே.ஓ.டபிள்யூ.எச். நிலையம், புகழ்பெற்ற சில பாடல்களையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பும் முறைக்கு முன்னோடியானது. 1954-இல் டிரான்சிஸ்டர் ரேடியோ விற்பனைக்கு வந்ததும் இளைஞர் கூட்டம் ஏ.எம். பக்கம் திரண்டது. அட்லாண்டாவின் டபிள்யூ.ஈ.ஆர்.டி. 1949-இல் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் நிலையமானது. பண்பலை வேரூன்றுவதற்கு முன்பே, பெரிய ஊடகங்கள் கண்டுகொள்ளாத சமூகங்களுக்கு ஏ.எம். குரல் கொடுத்தது.

நிகழ்ச்சிகளின் தன்மை

உள்ளூர் நிலையத்தின் பலம் பாடல்களில் மட்டும் இல்லை. காலையில் மரண அறிவிப்புகளும் தானிய, கால்நடைச் சந்தை விலைகளும் வரும். பனி கொட்டும் நாளில் எந்தெந்தப் பள்ளிக்கு விடுமுறை என்ற பட்டியல் வரும். வெள்ளி இரவில் உயர்நிலைப் பள்ளி அணிகளின் அமெரிக்கக் கால்பந்தாட்ட வருணனை ஒலிக்கும். பண்டமாற்று நேரம் என்று சொல்லத்தக்க ஒரு நிகழ்ச்சி இன்றும் பல ஊர்களில் நடக்கிறது. நேயர் தொலைபேசியில் அழைத்து, தன்னிடம் ஒரு பழைய டிராக்டரோ துணி துவைக்கும் இயந்திரமோ நாய்க்குட்டிகளோ இருப்பதாகச் சொல்வார். விலையையும் தொலைபேசி எண்ணையும் அறிவிப்பாளர் இருமுறை வாசிப்பார். இதற்கு ஸ்டுடியோவில் ஓர் ஆளும் ஒரு தொலைபேசியும் போதும்.

அலையின் இயல்பும் இரைச்சலும்

பகலில் மத்திய அலை தரையை ஒட்டிப் பரவுகிறது. மேலே செல்லும் பகுதியை அயனி மண்டலத்தின் கீழடுக்கு விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு மங்க, மேலடுக்கில் பட்டுத் தெறிக்கும் அலை நூற்றுக்கணக்கான மைல் தாண்டிப் போய் விழுகிறது. ஒரே அலைவரிசையில் இயங்கும் தொலைதூர நிலையங்கள் ஒன்றோடொன்று மோதாதிருக்க, சிறிய நிலையங்கள் பல மாலையில் திறனைக் குறைக்க வேண்டும். சில ஒலிபரப்பையே நிறுத்த வேண்டும். வட மாநிலங்களில் டிசம்பர் மாதச் சூரியன் மாலை ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். வேலை முடிந்து மக்கள் காரில் வீடு திரும்பி வானொலி கேட்கும் நேரமும் அதுதான்.

1230, 1240, 1340, 1400, 1450, 1490 கிலோஹெர்ட்ஸ் ஆகிய ஆறு அலைவரிசைகள் உள்ளூர் நிலையங்களுக்கென ஒதுக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் நெருக்கியடித்து இயங்குவதால், இரவில் சில மைல்களுக்கு அப்பால் குழம்பிய ஓசையே மிஞ்சும். துறையினர் இவற்றைக் கல்லறை அலைவரிசைகள் என்று கேலியாகச் சொல்வது வழக்கம்.

வீட்டுக்குள்ளும் நிலைமை மோசமானது. எல்.ஈ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், கணினி, சூரிய மின் இன்வெர்ட்டர் என்று அநேகமாக எல்லாச் சாதனங்களும் ஏ.எம். அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்புகின்றன. இரைச்சலைத் தடுக்க ரேடியோ தயாரிப்பாளர்கள் ஒலியின் உயர்சுரங்களை வடிகட்டியதால், ஏ.எம். என்றாலே மந்தமான குரல் என்ற எண்ணம் மக்களிடம் படிந்துவிட்டது.

நேயர்கள் விலகிய கட்டங்கள்

முதலில் போனது இசை. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933-இல் காப்புரிமை பெற்ற பண்பலை, 1961-இல் ஸ்டீரியோவுக்கு அனுமதி கிடைத்த பின் வேகம் பிடித்தது. ஒரே உரிமையாளரின் ஏ.எம். நிகழ்ச்சியை அப்படியே பண்பலையில் அஞ்சல் செய்வதை எஃப்.சி.சி. 1960-களில் கட்டுப்படுத்தியதால், பண்பலைக்கெனத் தனி நிகழ்ச்சிகள் உருவாயின. நியூயார்க்கின் புகழ்பெற்ற இசை நிலையமான டபிள்யூ.ஏ.பி.சி. 1982 மே 10 அன்று பாடல்களைக் கைவிட்டுப் பேச்சு நிகழ்ச்சிகளுக்கு மாறியது. ஏ.எம். ஸ்டீரியோவும் கைகொடுக்கவில்லை. போட்டியிட்ட முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் எஃப்.சி.சி. 1982-இல் முடிவைச் சந்தையிடம் விட்டது. மோட்டோரோலாவின் முறையை 1993-இல் அது ஏற்றபோது காலம் கடந்திருந்தது.

அடுத்துப் போனது உள்ளூர்க் குரல். சர்ச்சைக்குரிய விஷயங்களில் இரு தரப்பையும் ஒலிபரப்ப வேண்டும் என்ற விதியை எஃப்.சி.சி. 1987-இல் கைவிட்டது. மறுஆண்டு ரஷ் லிம்பாவின் வலதுசாரி அரசியல் பேச்சு நாடெங்கும் ஒலிபரப்பாகத் தொடங்கியது. செயற்கைக்கோள் வழியாக வந்த இத்தகைய நிகழ்ச்சிகள் ஏ.எம். நிலையங்களைக் குறைந்த செலவில் தூக்கி நிறுத்தின. ஆனால் ஊருக்கு ஊர் ஒரே குரல் கேட்டது. 1996-ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை நீக்கியது. கிளியர் சேனல் நிறுவனம் 1,200-க்கு மேற்பட்ட நிலையங்களை வாங்கிக் குவித்தது.

இதன் விளைவாக அடிக்கடி சுட்டப்படுவது வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரம். 2002 ஜனவரி 18 அதிகாலை அங்கே சரக்கு ரயில் தடம்புரண்டு அமோனியா வாயு கசிந்தது, ஒருவர் இறந்தார். நகரின் வணிக நிலையங்களில் ஆறு கிளியர் சேனலுக்குச் சொந்தமானவை. தொலைபேசியில் அழைத்தும் நிலையத்தில் யாரும் எடுக்கவில்லை என்றது காவல்துறை. எச்சரிக்கைக் கருவியைக் காவல்துறை முறையாகப் பயன்படுத்தவில்லை என்றது நிறுவனம். ஆளில்லா வானொலியைப் பற்றிய விவாதம் அங்கிருந்து சூடுபிடித்தது.

மிஞ்சிய நேயர்களுக்கும் வயது ஏறியது. விளம்பரதாரர்கள் பெரிதும் நாடுவது 25 முதல் 54 வயதினரை. அவர்கள் பண்பலைக்கும், பின்னர் இணைய இசைக்கும் பாட்காஸ்டுக்கும் நகர்ந்துவிட்டனர்.

நிலமும் செலவும்

ஏ.எம். நிலையத்தில் கோபுரமே ஆண்டெனா. 1000 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 300 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது 75 மீட்டர் உயரம் தேவை. கோபுரத்தைச் சுற்றி வழக்கமாக 120 செப்புக் கம்பிகள் மண்ணில் புதைக்கப்படுகின்றன. அலையைக் குறிப்பிட்ட திசையில் செலுத்த வேண்டுமானால் பல கோபுரங்கள் வேண்டும். இதனால் நிலையத்தின் வருமானத்தைவிட அது நிற்கும் நிலத்தின் மதிப்பு உயர்ந்துவிடுகிறது. வாஷிங்டனை அடுத்த பெதஸ்டாவில் டபிள்யூ.எம்.ஏ.எல். நிலையத்தின் கோபுரங்கள் நின்ற 75 ஏக்கர் வீட்டுமனைக்காக விற்கப்பட்டது. 2020-இல் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன.

மீட்பு முயற்சிகள்

ஏ.எம். நிகழ்ச்சியைப் பண்பலையிலும் தர, குறைந்த திறன்கொண்ட அஞ்சல் ஒலிபரப்பிகளைப் பயன்படுத்த எஃப்.சி.சி. 2009-இல் அனுமதித்தது, 2015-இல் வெளியான மறுமலர்ச்சி ஆணை அவற்றைப் பெறுவதை மேலும் எளிதாக்கியது. பல ஊர்களில் இன்று நிலையம் தன்னைப் பண்பலை எண்ணைச் சொல்லியே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. எனினும் மூல ஏ.எம். நின்றால் அஞ்சலும் நிற்க வேண்டும். அலபாமாவின் ஜாஸ்பர் ஊரிலுள்ள டபிள்யூ.ஜே.எல்.எக்ஸ்., தன் 200 அடிக் கோபுரமே திருடுபோய்விட்டதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தபோது, அதன் பண்பலை ஒலிபரப்பையும் எஃப்.சி.சி. நிறுத்தச் சொன்னது.

முழுக்க டிஜிட்டலுக்கு மாற 2020-இல் அனுமதி கிடைத்தது. மேரிலாந்தின் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.டி. அதற்கு முன்பே சோதனை முறையில் மாறியிருந்தது. இரைச்சல் இல்லை, ஒலி தெளிவு. ஆனால் பழைய ரேடியோவில் எதுவும் கேட்காது என்பதால் பின்பற்றியவர்கள் மிகச் சிலரே.

கார்களும் பேரிடர்க் காலமும்

மின்சாரக் கார்களின் மோட்டாரும் மின்சுற்றுகளும் ஏ.எம். அலையைக் கெடுப்பதால், டெஸ்லா, பி.எம்.டபிள்யூ. உள்ளிட்ட நிறுவனங்கள் பல மாடல்களில் ஏ.எம். வசதியை நீக்கின. ஃபோர்டு நிறுவனம் புதிய கார்களிலிருந்து அதை எடுக்க முடிவுசெய்து, எதிர்ப்பு எழுந்ததும் 2023 மே மாதம் பின்வாங்கியது. எல்லாப் புதிய வாகனங்களிலும் ஏ.எம். கட்டாயம் என்னும் மசோதாவை ஜனநாயகக் கட்சியின் எட் மார்க்கியும் குடியரசுக் கட்சியின் டெட் குரூஸும் கைகோத்து ஆதரித்தனர். அவர்கள் முன்வைத்த முக்கிய வாதம் பேரிடர் எச்சரிக்கை. அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா, ஜெனரேட்டர் வசதியுடன் வலுப்படுத்தப்பட்ட 77 நிலையங்கள் வழியாக மக்களில் 90 விழுக்காட்டினரை எட்ட முடியும் என்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஏ.எம். நிலையங்கள்.

மதிப்பீடு

இந்த 77-இல் இடம்பெற்றவை பெரும்பாலும் திறன்மிக்க பெரிய நிலையங்கள்; அந்த வாதம் 1,000 வாட் சிற்றூர் நிலையத்தைத் தானாகக் காப்பாற்றிவிடாது. ஏ.எம். வானொலியின் இழப்பில் பாதி இயற்பியலாலும் பண்பலையாலும் வந்தது. அதைத் தவிர்த்திருக்க முடியாது. மறுபாதி, உள்ளூர் ஆட்களை நீக்கி எங்கும் கிடைக்கும் நிகழ்ச்சியை ஒலிபரப்பியதால் நிலையங்களே தேடிக்கொண்டது. வேறெங்கும் கிடைக்காத உள்ளூர்ச் செய்தியும் ஆட்ட வருணனையும், பெரிய நிலையங்கள் தொடாத மொழி நிகழ்ச்சியும் தரும் நிலையங்களுக்கே இன்று நேயர்களிடம் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.