வாய் பொத்திய வரலாறும் முகக்கவசமும்

2023 மே 5 அன்று கொரோனா தொடர்பான உலகளாவிய அவசரநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்கடுத்த வாரம் பாளையங்கோட்டையில் கூடிய எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு தோழர் கேட்டார்: "இனியும் மாஸ்க் போடணுமா?" சாதாரணக் கேள்விதான். ஆனால் அன்று மாலை முழுவதும் அதைப் பற்றியே பேசினோம்.

கல்லூரி மாணவர் ஒருவர் சொன்னார்: "பஸ்ஸுக்குப் போக ஊர்த் தெரு வழியாத்தான் நடக்கணும். மாஸ்க் போட்டிருந்தா யாரு மகன்னு தெரியாதுல்லா. ரெண்டு வருஷம் நிம்மதியா நடந்தேன். நான் கழட்ட மாட்டேன்."

வயலில் கூலி வேலை பார்த்து ஓய்ந்த தாத்தா ஒருவர் சொன்னார்: "எங்க காலத்துல கையால வாயப் பொத்துனோம். இப்பத் துணியால பொத்தச் சொல்லுதாவ. நான் அன்னைக்கும் போடல, இனியும் போட மாட்டேன்."

தூய்மைப் பணி செய்யும் அக்கா ஒருவர் கடைசியாகப் பேசினார்: "போடணுமா வேண்டாமான்னு பேசுதிய. குடுத்தால்லா போடுததுக்கு."

மூன்று பேர் சொன்னதும் சரி என்றே எங்களுக்குப் பட்டது. ஒரே துணியைப் பற்றிய மூன்று எதிரெதிரான பேச்சுகளும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? அதைத் தேடித்தான் வரலாற்றைப் புரட்டினோம்.

எச்சிலும் சாதியும்

தாமிரபரணிப் பாசனத்தில் பாபநாசம் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் தாண்டும்வரை நஞ்சை வயல்கள். நிலத்தின் பெரும்பகுதி கோயில்கள், மடங்கள், மிராசுதார்கள் கையில் இருந்தது. சேற்றில் இறங்கி நட்டதும் அறுத்ததும் பள்ளர், பறையர் மக்கள். அந்த உறவில் உடலுக்கும் உடைக்கும் ஓர் ஒழுங்கு விதிக்கப்பட்டிருந்தது. பண்ணையார் முன்னால் தோள் துண்டு இடுப்புக்கு வர வேண்டும். செருப்பு காலில் இருக்கக் கூடாது. பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். 'கைகட்டி வாய்பொத்தி' என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். பணிவைக் குறிக்கும் சொல்வழக்கு என்று பள்ளியில் படிக்கிறோம். எங்கள் தாத்தா தலைமுறைக்கு அது அன்றாடம் செய்ய வேண்டியிருந்த வேலை.

வாயை ஏன் பொத்த வேண்டும்? மூச்சும் எச்சிலும் மேலே பட்டால் தீட்டு. பேஷ்வாக்களின் ஆட்சியில் பூனா நகரில் தீண்டப்படாத மக்கள் எச்சில் தரையில் விழாமல் இருக்கக் கழுத்தில் மண்சட்டி கட்டிக்கொள்ள வேண்டியிருந்ததை 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். எச்சில் வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஏதோ பரவுகிறது என்பதைக் கிருமிகளைப் பற்றி ஏதும் தெரியாத காலத்திலேயே சாதி நம்பியது. ஆனால் அது ஒரே திசையில்தான் பரவுமாம். ஆண்டையின் எச்சில் நம்மைத் தீட்டாக்கும் என்று எந்தச் சாத்திரமும் கவலைப்படவில்லை.

வாயைக் கட்டுவது எல்லா இடத்திலும் இழிவாக இருந்ததில்லை. கதிர்காமத்தில் பூசை செய்பவர்கள் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொள்கிறார்கள். சமணத் துறவிகளில் ஒரு பிரிவினர் சிற்றுயிர்களுக்குத் தீங்கு நேரக் கூடாது என்று எப்போதும் வாயை மூடியிருக்கிறார்கள். அவர்கள் தாங்களாக ஏற்றுக்கொண்டவர்கள், அதற்காக மதிக்கப்படுபவர்கள். நம்மவர் வாயைப் பொத்தியது இன்னொரு மனிதரின் 'தூய்மை'க்காக, அடிக்குப் பயந்து.

எச்சில் பற்றிய இந்த அச்சம் படித்தவர்களையும் விடவில்லை. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பன மாணவர்களுக்குத் தனிப்பந்தி போடப்பட்டது. 1924, 1925 ஆண்டுகளில் அது தமிழ்நாட்டையே உலுக்கியது. காங்கிரஸ் நிதி பெற்று நடந்த தேசியப் பள்ளி அது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். தேச விடுதலைக்காகத் துப்பாக்கி எடுக்கத் துணிந்த வட்டத்தில் இருந்தவரால்கூட, பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துச் சோறு போட முடியவில்லை. இத்தனைக்கும் அது பார்ப்பனருக்கும் பார்ப்பனரல்லாத சாதி இந்துக்களுக்கும் இடையிலான சண்டை. சேரிப் பிள்ளைகள் அந்தப் பந்தியின் கணக்கிலேயே வரவில்லை.

பகலையே மூடியவர்கள்

வாயை மறைக்கச் சொன்னதோடு சாதி நின்றுவிடவில்லை. இதே திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு மக்கள் கூட்டத்தை முழுதாகவே மறைத்து வைத்திருந்தது. புதிரை வண்ணார்கள் தீண்டப்படாத மக்களின் துணிகளை வெளுப்பவர்கள்; அம்மக்களின் சாவுக்கும் பிறப்புக்கும் சடங்கு வேலை செய்பவர்கள். அவர்கள் கண்ணில் பட்டாலே தீட்டு என்பதால் பகலில் வெளியே வரக் கூடாது. நள்ளிரவுக்குப் பிறகு துணி வெளுத்து, விடிவதற்குள் வீடு திரும்ப வேண்டும். 1932 டிசம்பரில் 'இந்து' நாளேட்டில் இது பற்றிய செய்தி வந்தது. பேட்டிக்காக அவர்களை வீட்டுக்கு வெளியே வரவைக்கவே பாடுபட வேண்டியிருந்தது. அம்பேத்கரும் தம் எழுத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

தமிழ்நாடு அரசு புதிரை வண்ணார் நல வாரியத்தை அமைத்தது 2009இல்தான். இந்த மக்களின் துணி வெளுக்கும் உழைப்பை வாங்கிக்கொண்டவர்கள் தலித் மக்களாகிய நாமும்தான் என்பதை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். நமக்கு இழைக்கப்பட்டதைப் பேசும் வாய், நாம் இழைத்ததையும் பேச வேண்டும்.

முகக்கவசத்தின் இன்னொரு கதை

தாத்தாவின் மறுப்பு எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிகிறது. ஆனால் மருத்துவ முகக்கவசம் வேறொரு வழியில் வந்தது.

1910 இறுதியில் சீனாவின் வடகிழக்கில், மஞ்சூரியாவில், நுரையீரலைத் தாக்கும் பிளேக் பரவியது. சுமார் 60,000 பேர் செத்தார்கள். அங்கே அனுப்பப்பட்ட மருத்துவர் வூ லியன்-தே, நம் தமிழர்கள் பிழைக்கப்போன பினாங்கில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர். இந்த நோய் எலித்தெள்ளால் மட்டுமல்ல, மூச்சுக் காற்றாலும் பரவுகிறது என்று அவர் சொன்னார். பஞ்சும் சல்லாத் துணியும் சேர்த்துத் தைத்த கவசத்தை மருத்துவர்களும் பணியாளர்களும் கட்டிக்கொள்ளச் செய்தார். மெனி என்ற மூத்த பிரெஞ்சு மருத்துவர் அவர் பேச்சை ஏற்கவில்லை. கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். 1911 ஜனவரியில் அதே நோயில் இறந்தார். ஐரோப்பியர் மூச்சு, சீனர் மூச்சு என்று நோய்க்கு வேறுபாடு தெரியவில்லை.

ஆனால் யார் எங்கே, எத்தனை பேரோடு நெருக்கிக்கொண்டு வாழ்கிறார்கள் என்பதைப் பொறுத்து நோய் ஆளைத் தேர்ந்தெடுக்கும். 1918 இன்புளுயன்சாவின்போது பம்பாய் நகரில் எடுக்கப்பட்ட கணக்கு இதைக் காட்டுகிறது. ஆயிரம் ஐரோப்பியருக்குச் சாவு 8.3. 'மற்ற இந்துக்கள்' 18.9. 'தாழ்ந்த சாதி இந்துக்கள்' என்று எழுதப்பட்ட நம் மக்கள் 61.6. ஒரே நகரம், ஒரே கிருமி. வீடும் சோறும் வைத்தியமும்தான் வேறு.

ஆக, வாயை மூடுவதற்கு இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. ஒன்று, நம் மூச்சு மற்றவர் மேல் படாமல் இருக்க நம்மீது திணிக்கப்பட்டது. மற்றொன்று, மூச்சைக் காப்பாற்ற வந்தது. அது மிக அதிகமாகத் தேவைப்பட்ட நமக்குக் கடைசியாகத்தான் கிடைத்தது, அல்லது கிடைக்கவே இல்லை.

2020: இரண்டும் கலந்தபோது

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கூடவே 'சமூக விலகல்' என்ற சொல்லும் வந்தது. உலக சுகாதார நிறுவனம் அந்த மாதமே 'உடல் இடைவெளி' என்று சொல்லை மாற்றிக்கொண்டது. நம் ஊர்ச் சுவர்களில் 'சமூக விலகல்' நீண்ட நாள் இருந்தது. ஊரும் சேரியுமாக ஏற்கெனவே விலக்கி வைக்கப்பட்டவர்களிடம் போய் விலகி நில் என்றார்கள். தேநீர்க் கடையில் நமக்கு மட்டும் கொடுக்கப்பட்டுவந்த காகிதக் கப் அப்போது எல்லோருக்கும் வந்தது. "இப்பத்தான் எல்லாரும் சமம்" என்று எங்கள் ஊரில் ஒருவர் சொல்லிச் சிரித்தார்.

பிறகு அபராதம் வந்தது. முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட ஒருநாள் கூலி 256 ரூபாய். 2022 ஜனவரியில் அபராதம் 500 ஆனது. அப்போது கூலி 273. காரில் போகிறவருக்கு 500 ரூபாய் ஒரு எரிச்சல். வயலுக்குப் போகிறவருக்கு அது கிட்டத்தட்ட இரண்டு நாள் உழைப்பு. முகக்கவசத்தைக் கொடுக்காமல், அதை மாட்டாததற்குத் தண்டனை மட்டும் கொடுத்தால், அது நம் மக்களுக்குப் பழைய கட்டளையாகத்தான் கேட்கும். தாத்தாவுக்குக் கேட்டது அதுதான்.

மாணவரின் கதையையும் இங்கே பார்க்க வேண்டும். பள்ளிகள் திறந்தபோது பிள்ளைகள் முகத்தை மறைத்து வந்தார்கள். மணிக்கட்டில் கட்டிய சாதிக் கயிறுகள் மறையவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வண்ணக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. தம்பி, உன் முகத்தை மறைத்துக்கொண்டு நிம்மதியாக நடந்தாய் என்பது எங்களுக்கு வலிக்கிறது. முகம் தெரிய நடப்பதற்கான உரிமைதான் நமக்கு வேண்டும். அது கிடைக்கும்வரை நீ மாஸ்க் போட்டு நடந்தால் உன்னைக் குறை சொல்ல நாங்கள் யார்?

மலக்குழிக்கு எந்தக் கவசமும் விடையல்ல

அக்கா சொன்னதுதான் எல்லாவற்றிலும் கனமானது. 2020இல் அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. கைதட்டினார்கள், மாலை போட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த பெண்களோ ஒரே துணிக் கவசத்தை இரவில் துவைத்துக் காயப்போட்டு வாரக்கணக்கில் கட்டினார்கள். சேலைத் தலைப்பே கவசமாக இருந்தவர்களும் உண்டு.

இதில் இளைய தோழர்கள் அறிவியலைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். துணிக் கவசமும் அறுவைசிகிச்சைக் கவசமும் நம் வாயிலிருந்து தெறிக்கும் துளிகளைத் தடுக்கும். என்95, முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தினால், மிக நுண்ணிய துகள்களிலும் குறைந்தது 95 சதவீதத்தை வடிகட்டும். காசநோய்க் கிருமி, குவாரித் தூசி, பஞ்சுத் தூசி, பீடிப் புகையிலைத் தூசி ஆகியவற்றுக்கு அது உதவும். ஆனால் மலக்குழியில் கிடக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை இவற்றில் எதுவும் தடுக்காது. அந்த வாயு அதிகமானால் மூக்கின் மணமறியும் திறனே செத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில் ஆள் விழுந்துவிடுவார்.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி ஆளை உள்ளே இறக்குவதைக் குற்றமாக்குகிறது. அதன் விதிகள் காற்று செலுத்தும் சுவாசக் கருவி உட்படப் பல கருவிகளைப் பட்டியலிடுகின்றன. மலக்குழிச் சாவுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆகவே ஒரு துணியைக் கையில் கொடுத்து "கட்டிக்கிட்டு இறங்கு" என்று ஒப்பந்ததாரர் சொன்னால், அது பாதுகாப்பு அல்ல, குற்றம். இறங்க மறுப்பதும் புகாரை எழுத்தில் கொடுப்பதும்தான் அங்கே நம் கவசம்.

அப்படியானால் போடலாமா?

போடலாம். இருமல், சளி இருக்கும்போது பேருந்திலும் கூட்டத்திலும் போடுவோம். நம் பக்கத்தில் நிற்பவரும் நம்மைப் போலவே நெருக்கடியான வீட்டுக்குத்தான் திரும்புகிறார். மருத்துவமனையில், குறிப்பாகக் காசநோய்ப் பிரிவில், கட்டாயம் போடுவோம். தூசியில் வேலை செய்யும் தோழர்களுக்கு நல்ல கவசத்தை முதலாளியே தர வேண்டும் என்று சங்கத்தின் மூலம் எழுதிக் கேட்போம். உங்கள் தெருவில் தூய்மைப் பணிக்கு வருபவர்களிடம் இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்: கடைசியாகக் கையுறையும் கவசமும் எப்போது கொடுத்தார்கள்? பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு மனுவுக்கு அது போதும்.

யாருக்கும் பணிந்து மட்டும் வாயை மூட மாட்டோம். கூட்டம் முடிந்து புறப்படும்போது தாத்தாவிடம் இதைச் சொன்னோம். அவருக்கு ஆறு மாதமாக இருமல். மறுநாள் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. "ஆஸ்பத்திரிக்குன்னா போடுதேன்" என்றார். "ஆனா நானாத்தான் கட்டுவேன், நீங்க கட்டிவிடக் கூடாது."

ஜெய்பீம்.