16 ஓம் குழாய், 32 ஓம் காது

உடன்குடிப் பக்கம் ‘ரேடியோ செட்டு’ என்றால் வீட்டு மாடத்தில் இருக்கும் ரேடியோப் பெட்டி இல்லை. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் வாடகைக்கு வருகிற ஆம்பிளிஃபயர், மைக், இசைத்தட்டு சுற்றுகிற பிளேயர், பனை உச்சியில் கட்டுகிற குழாய் எல்லாம் சேர்ந்ததுதான் ரேடியோ செட்டு. இந்தத் தொழிலைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பெரியவர்கள் எத்தனை குழாய் கட்டினோம், எத்தனை ஊருக்குக் கேட்டது என்றுதான் ஆரம்பிப்பார்கள். பெட்டியைத் திறந்து பார்த்த என்னைப் போன்றவர்களுக்கு நினைவில் நிற்பது வேறு. எதிரே மாட்டப்போகிற பொருளுக்குத் தக்கபடி ஆம்பிளிஃபயரைத் திருத்துகிற வேலை அது. குழாய்க்காகத் தொடங்கிய அந்த வேலை, என் கண்ணெதிரே ஹெட்ஃபோனுக்கு வந்து சேர்ந்தது.

நான் 1974இல், எஸ்.எஸ்.எல்.சி. தவறியபின், ஒரு செட்டுக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலாளி அண்ணாச்சி முதல் நாளே ஆம்பிளிஃபயரின் முதுகைத் திருப்பிக் காட்டினார். 4, 8, 16 என்று எண்கள், கடைசியில் 100 வோல்ட் என்று ஒன்று.

“குழாய் யூனிட்டு ஒண்ணு 16 ஓம். நாலு குழாயைப் பக்கத்துல பக்கத்துல சேர்த்தா எத்தனைல?”

“64 அண்ணாச்சி.”

“பள்ளிக்கூடத்துல ஏன் தவறுனேன்னு இப்பத் தெரியுது. 4.”

இணையாகச் சேர்த்தால் ஓம் குறையும். நான்கு குழாயை அப்படிச் சேர்த்து 4 என்ற முனையில் மாட்ட வேண்டும். இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து, அந்த இரண்டு ஜோடியையும் இணைத்தால் மறுபடி 16. தோப்புக்கு அப்பால் நெடுந்தூரம் கம்பி இழுக்க வேண்டும் என்றால் 100 வோல்ட் முனை. அதற்குக் குழாய்தோறும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். இந்தக் கணக்குத் தெரியாமல் குழாயை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் சத்தம் கூடாது, செட்டுதான் தீயும்.

அப்போது கடையில் வால்வு செட்டும் டிரான்சிஸ்டர் செட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டின் குணமும் நேரெதிர். “லோடு இல்லாம வால்வு செட்டை முடுக்கிராதல” என்று அண்ணாச்சி நாளுக்கு நான்கு முறை சொல்வார். குழாய் மாட்டாமல் பாட்டை விட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி உள்ளுக்குள் பொறி பறக்கும். டிரான்சிஸ்டர் செட்டு சும்மா கிடந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் மழையில் நனைந்த கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டினால் ஒரு நொடியில் 2என்3055 டிரான்சிஸ்டர் போய்விடும்.

ஊரில் எல்லாச் சமயத்தாருக்கும் எங்கள் செட்டுதான் போகும். பள்ளிவாசல் பாங்குக்கு ஒற்றைக் குரல் தெளிவாக விழ வேண்டும். கொடையில் வில்லுப்பாட்டு என்றால் வில், உடுக்கு, ஜால்ரா, குடம் என்று அத்தனையும் மைக்குக்குள் வரும். இதில் குடம்தான் வில்லங்கம். பாளையால் பானை வாயில் அடிக்கும்போது எழுகிற அந்தக் கனத்த ஒலி குழாய் யூனிட்டின் மெல்லிய தகட்டுக்கு ஆகாது, தகடு கிழிந்துவிடும். அதனால் கொடைக்குப் போகிற செட்டில் கப்பாசிட்டரைச் சின்னதாக மாற்றிக் கீழ்ச்சத்தத்தை வெட்டிவிடுவோம். குடம் ‘டக் டக்’ என்று தகரம் தட்டுவதுபோல் கேட்கும். யாரும் குறை சொன்னதில்லை. குழாயில் குடம் அப்படித்தான் என்று ஊர் பழகியிருந்தது.

ஆனி ஆடியில் மேல்காற்று கிளம்பினால் தேரிச் செம்மண் வால்யூம் திருகிக்குள் புகுந்து கரகரக்கும். கடல் பக்கம் என்பதால் உப்புக்காற்று ஈயப்பற்றை அரிக்கும். பாதி நாள் இவற்றைத் துடைப்பதிலேயே போகும்.

கடையில் ஒரு பட்டாளத்து ஹெட்ஃபோன் இருந்தது. அண்ணாச்சி சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கிவந்தது. காதுக்கு 2000 ஓம், இரண்டும் சேர்ந்து 4000. மயிர் போன்ற கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். இந்த வகையின் மூதாதையை அமெரிக்காவின் யூட்டாவில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் செய்து, 1910இல் அமெரிக்கக் கடற்படைக்கு விற்றார். ஈசல் சிறகு அசைவது போன்ற மின்சாரத்தையும் ஒலியாக்குவது அதன் சிறப்பு. அதனால்தான் பேட்டரியே இல்லாத கிறிஸ்டல் செட்டுக்கு அது பொருந்தியது. இரண்டு பனைக்கு நடுவே ஏரியல் கட்டி, ஒரு ஓஏ79 டயோடு வைத்தால், 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையம் அதில் பேசும். இலங்கை வானொலிக்கு மட்டும் நல்ல வால்வு ரேடியோ வேண்டும். 1952இல் அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குத் தடை போட்ட நாள்முதல் எங்கள் கரையோரம் முழுக்கக் கொழும்புப் பக்கம்தான் காதைத் திருப்பியிருந்தது. 1957இல் விவித் பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

சோனியின் வாக்மேன் ஜப்பானில் வெளிவந்தது 1979இல். எங்கள் ஊருக்கு அது வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களின் பெட்டிகளில் வந்தது. ஒருநாள் ஒருவர் தன் வாப்பாவின் பழைய கிறிஸ்டல் செட்டையும், தம்மாமிலிருந்து கொண்டுவந்த பஞ்சு வைத்த ஹெட்ஃபோனையும் கொண்டுவந்தார். வாப்பாவுக்குப் பட்டாளத்து ஹெட்ஃபோன் காதை நசுக்குகிறதாம். புதியதை மாட்டினால் ஒரு முனகல்கூட இல்லை. புதியது 32 ஓம். நூலிழை தண்ணீரைக் கொண்டுபோய் வாய்க்காலில் விட்ட கதை.

அண்ணாச்சி கழித்துப்போட்ட வால்வு ரேடியோவிலிருந்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்தார். 5000 ஓம் பக்கம் செட்டுக்கு, 8 ஓம் பக்கம் ஹெட்ஃபோனுக்கு. சுற்று விகிதம் 25க்கு 1; ஓம் கணக்கில் அது 625 மடங்கு. இப்போது அந்த 32 ஓம், செட்டின் கண்ணுக்கு 20,000 ஓமாகத் தெரியும். திருநெல்வேலி நிலையம் பேசியது. பெட்டியைத் தொடாமல் நடுவே ஒரு தரகரை வைத்து முடித்த சம்பந்தம் அது.

அடுத்து டேப் டெக்கோடு பெரிய ஆம்பிளிஃபயர் வைத்திருப்பவர்கள், ராத்திரி ஹெட்ஃபோனில் கேட்க வழி கேட்டார்கள். 25 வாட் ஆம்பிளிஃபயர் 8 ஓமுக்கு 14 வோல்ட் தரும். அதை அப்படியே 32 ஓமில் மாட்டினால் 6 வாட். ஹெட்ஃபோனும் போகும், காதும் போகும். கம்பெனிகள் செய்வதைப் பார்த்து நானும் 330 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் வைத்தேன். 6 வாட் 50 மில்லிவாட்டாகச் சுருங்கியது. ஆனால் ஒருவர் திரும்ப வந்து, “குடத்துக்குள்ள தலைய விட்ட மாரி இருக்கு” என்றார். எனக்கு விளங்க ஒரு வாரம் ஆனது. ஹெட்ஃபோனின் ஓம் எல்லாச் சுருதிக்கும் ஒன்றாக இராது. கீழ்ச்சத்தத்தில் ஓரிடத்தில் ஏறும். முன்னால் பெரிய ரெசிஸ்டர் இருந்தால், ஓம் ஏறுகிற அந்த இடத்தில் மட்டும் சத்தமும் ஏறிப் பொங்கும். 330ஐக் கழற்றிவிட்டு, 5 வாட் தாங்கும் 100 ஓம் ஒன்றைத் தொடரில் வைத்து, அதன்பின் 10 ஓம் ஒன்றைக் குறுக்கே போட்டேன். சத்தம் சற்றே இறங்கி 31 மில்லிவாட். பொங்கல் அடங்கிவிட்டது.

என் அம்மா கருப்பட்டி காய்ச்சியவள். பதநீர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி என்பாள். கடிகாரம் பார்க்கமாட்டாள், பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டிப் பார்த்துத்தான் சிரட்டையில் ஊற்றுவாள். எங்கள் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அவள் விரல் நுனிதான் எனக்கு நினைவு வந்தது. 330ஐ ஊருக்கெல்லாம் ஒரே அளவாகப் போட்டுக் கொடுத்த என் வேலையை அவள் பார்த்திருந்தால் சிரித்திருப்பாள்.

ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தன. ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்றார்கள். கூடவே பெட்டி ஸ்பீக்கர்களும் வந்தன. குலசை தசராவுக்கு இன்று போகிற செட்டுகளில் என் கைவேலைக்கு இடமில்லை. குழாய்கள் வீட்டுப் பின்கட்டில் கவிழ்ந்து கிடக்கின்றன.

போன வருடம் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் வந்தாள். கொடைகளில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்கிறாள். அவளிடம் இரண்டு ஹெட்ஃபோன். ஒன்று 32 ஓம், மற்றது 250 ஓம். போனில் மாட்டினால் 250 முனகுகிறது. அதற்கென்று வாங்கிய சின்ன ஆம்பிளிஃபயரில் 32ஐ மாட்டினால் பாட்டுக்கு முன்னால் ‘உஸ்’ என்ற இரைச்சல்தான் வருகிறது. இரண்டுக்கும் ஒரே பெட்டி வேண்டும் என்றாள்.

4558 ஐசி ஒன்று. அதன் பின்னால் தள்ளிவிட பிடி139, பிடி140 ஜோடி, காதுக்கு ஒன்றாக. திரும்பி வருகிற வழியில் 10 கிலோ ஓம். தரைக்குப் போகிற ரெசிஸ்டர் 1 கிலோ ஓம் என்றால் பெருக்கம் 11 மடங்கு, அது 250க்கு. ஸ்விட்சைத் தட்டினால் 4.7 கிலோ ஓம். பெருக்கம் மூன்று மடங்கு, இரைச்சலும் கூடவே இறங்கும். அது 32க்கு.

பெட்டியை முடித்த அன்று முதலில் 32ஐ மாட்டிக் கேட்டாள். “இன்னும் லேசா உஸ்ஸுங்கு தாத்தா” என்றாள். 4.7ஐக் கழற்றி 10 வைத்தேன். மூன்று மடங்கு இரண்டாயிற்று. அவள் தலையாட்டிவிட்டு, 250ஐ எடுத்து என் தலையில் மாட்டி, ஏதோ ஒரு கொடைப் பதிவை ஓடவிட்டாள்.

வில் சலங்கை, உடுக்கு, பின்பாட்டு. அதற்கும் அடியில் கிணற்றுக்குள் கல் விழுந்ததுபோல் ஓர் ஒலி. இது என்ன என்று அவளையே கேட்டேன்.

“குடம் தாத்தா.”