மருந்துக்கு அளவு சொன்னவர்: கடலூரில் முடிந்த ஒரு கணக்கு

1751ஆம் ஆண்டு ஜூலை மாதம். திருமழபாடியின் தெற்கே ஓடும் கொள்ளிடத்தில் புதுவெள்ளம் வரும் காலம். அந்த மாதத்தில் இன்றைய பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் உழவைவிடப் போர்தான் பெரிய செய்தி. ஆற்காட்டு நவாப் பதவிக்காகச் சந்தா சாகிப்பும் முகமது அலியும் மோதிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள், மற்றவருக்குப் பின்னால் ஆங்கிலேயர்கள். பெரம்பலூருக்கு வடக்கே வாலிகண்டபுரம், ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம் சண்டை நடந்தது. ஆங்கிலேயர் எழுதிய வரலாறுகளில் இந்த இடத்தின் பெயர் 'வால்கொண்டா'.

அதே மாதம் 29ஆம் தேதி, கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில், செயின்ட் டேவிட் கோட்டைக்குள் ஒருவர் காய்ச்சலில் இறந்தார். வயது 44. போரில் அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. ஆனால் துப்பாக்கியில் எவ்வளவு மருந்து போட்டால் குண்டு எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை நம்பத்தக்க முறையில் அளந்து காட்டிய முதல் மனிதர் அவர்தான். பெயர் பெஞ்சமின் ராபின்ஸ்.

துப்பாக்கி பற்றிப் பேசும் புத்தகங்கள் எல்லாம் இவர் பெயரைச் சொல்கின்றன. அவர் உயிர் பிரிந்த ஊரில் இருப்பவர்களுக்கோ இப்படி ஒருவர் இருந்தார் என்பதே தெரியாது!

யார் இந்த ராபின்ஸ்?

1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். குவேக்கர்கள் போரையே ஏற்காதவர்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் பீரங்கிக் கணக்குப் போட வந்தது ஒரு வேடிக்கை. 20 வயதிலேயே லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினர் ஆனார். 1742இல் பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள் என்ற பொருளில் ஒரு நூல் வெளியிட்டார். பக்கங்கள் குறைவு, விளைவு பெரிது. 1745இல் மாபெரும் கணித மேதை ஆய்லர் இதை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். மூல நூலைவிடப் பல மடங்கு நீளமான விளக்கங்களையும் சேர்த்தார். 1746இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் ராபின்ஸுக்குக் கிடைத்தது.

ஊசலில் கட்டிய வேகம்

அந்தக் காலத்துத் துப்பாக்கியில் மருந்து என்றால் கருமருந்துதான். வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது. இதில் பெரும்பங்கு வெடியுப்பு. ஐரோப்பியர்கள் பீகாரிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்ற சரக்குகளில் அதுவும் ஒன்று. குழாயின் வாய் வழியாக மருந்தைப் போட்டு, குண்டை வைத்து, கம்பியால் கெட்டிக்க வேண்டும். எவ்வளவு மருந்து? வாத்தியார் சொன்ன அளவு, வழக்கத்தில் இருந்த அளவு, கை போன அளவு... அவ்வளவுதான் கணக்கு. வெளியேறும் குண்டின் வேகம் யாருக்கும் தெரியாது. கண்ணுக்கே தெரியாத ஒன்றை எப்படி அளப்பது?

ராபின்ஸ் செய்த வேலை மிக எளிமையானது. மூன்று கால் நட்டு, அதில் சுமார் 56 பவுண்டு எடையுள்ள ஓர் ஊசலைத் தொங்கவிட்டார். ஊசலின் முகத்தில் ஒரு மரப்பலகை. அடியில் ஒரு நாடா. குண்டு பலகையில் பாய்ந்து புதைந்ததும் ஊசல் பின்னால் ஆடும். எவ்வளவு ஆடியது என்பதை, இழுபட்ட நாடாவின் நீளம் சொல்லிவிடும்.

இதில் உள்ள சூட்சுமம் வரவு செலவுக் கணக்கு மாதிரி. குண்டு இழந்த உந்தம் முழுவதும் ஊசலின் பக்கம் வரவாக வந்தாக வேண்டும். முக்கால் அங்குல ஈயக்குண்டின் எடை ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஊசல் அதைவிட ஏறக்குறைய 670 மடங்கு கனம். எனவே நொடிக்கு 1,700 அடி வேகத்தில் வரும் குண்டு, தோராயமாக நொடிக்கு இரண்டரை அடி வேகத்தில் ஊசலை நகர்த்தும். இரண்டரை அடி வேகத்தை யாராலும் அளக்க முடியுமே! கண்ணுக்குத் தெரியாத வேகம் கண்ணுக்குத் தெரியும் வேகமாக மாறிவிட்டது. ராபின்ஸ் அளந்த மஸ்கட் குண்டின் வேகமும் கிட்டத்தட்ட இந்த அளவுதான்.

அளவுக்கு மிஞ்சினால்...

இந்த ஊசல் உடைத்த முதல் நம்பிக்கை, 'மருந்து கூடினால் பலன் கூடும்' என்பது. மருந்தை இரண்டு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்காவதில்லை. அதோடு, மிக வேகமாகக் கிளம்பும் குண்டைக் காற்று மிகக் கடுமையாகத் தடுக்கிறது. காற்றுத் தடை ஒரு பொருட்டே அல்ல என்றுதான் அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள். அதிக மருந்து கொடுத்த கூடுதல் வேகம் கொஞ்ச தூரத்திலேயே கரைந்துபோகும். துப்பாக்கி சூடாவதும் தோளில் உதைப்பதும்தான் மிச்சம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற நம் ஊர்ப் பழமொழியை அவர் எண்களில் எழுதினார் என்று சொல்லலாம்.

களப் பீரங்கிக்கு மருந்தின் எடை குண்டின் எடையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு என்பது அவர் தந்த நடைமுறை விதிகளில் ஒன்று. கோட்டைச் சுவரை இடிக்கும் பெரிய பீரங்கிக்குக்கூட மூன்றில் ஒரு பங்குதான் உச்சம்.

எல்லாவற்றிலும் அவர் சொன்னது சரி என்றும் இல்லை. வெடித்த மருந்தின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 1,000 மடங்கு என்று அவர் கணித்தார். உண்மை அதைவிடப் பல மடங்கு அதிகம் எனப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். ஆனால் அந்தத் தவறைக் கண்டுபிடிக்கவும் அவர் காட்டிய வழியில்தான் அளக்க வேண்டியிருந்தது.

வளைந்த குழாயும் சுழலும் குண்டும்

குண்டு ஏன் குறி தவறுகிறது? இதற்கும் ஒரு சோதனை செய்தார். துப்பாக்கிக் குழாயின் நுனியை இடப்பக்கம் லேசாக வளைத்தார். எதிரே மெல்லிய காகிதத் திரைகளை வரிசையாக நிறுத்திச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போனது. பிறகு வலப்பக்கம் திரும்பியது! வளைவில் உரசிய குண்டு சுழல ஆரம்பித்து, அந்தச் சுழற்சி காற்றில் அதன் பாதையைத் திருப்பிவிட்டது. கிரிக்கெட்டில் சுழற்பந்து காற்றிலேயே விலகுவதும் இதே காரணத்தால்தான். பின்னாளில் இதற்கு மாக்னஸ் விளைவு என்று பெயர் வந்தது. ராபின்ஸ் அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டார்.

கன்னாபின்னாவென்று சுழல்வதுதான் பிரச்சினை என்றால், ஒழுங்காகச் சுழல வைத்துவிட்டால் போதும் அல்லவா? குழாயின் உட்புறம் முறுக்கு வரிகள் வெட்டிய துப்பாக்கிதான் ரைஃபிள். வேட்டைக்காரர்களிடம் அது ஏற்கெனவே இருந்தது. 1747இல் ராயல் சொசைட்டியில் வாசித்த கட்டுரையில், எந்த நாடு முதலில் ரைஃபிளின் இயல்பைப் புரிந்து தன் படைக்குக் கொடுக்கிறதோ, அந்த நாடு மற்றவற்றை மிஞ்சிவிடும் என்ற கருத்தை முன்வைத்தார். அன்று பெரிதாக யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கடலூர் வந்த கணக்காளர்

கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது. 1750 ஜூலையில் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அப்போது சென்னை அல்ல, கடலூர்தான் கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம். கோட்டைகளைப் பலப்படுத்தத் திட்டம் போடுவது அவர் வேலை. வந்த சில வாரங்களிலேயே காய்ச்சல் பிடித்தது. தேறினார். அடுத்த ஆண்டு மீண்டும் வந்த நோய் அவரை விடவில்லை.

அவர் படுக்கையில் கிடந்த அதே ஜூலையில்தான் வாலிகண்டபுரத்தில் கம்பெனிப் படை பின்வாங்கியது. கேப்டன் ஜின்ஜென்ஸ் தலைமையில் இருந்த ஆங்கிலச் சிப்பாய்கள் பீதியில் ஓடினார்கள். அவர்களைத் திருப்பி நிறுத்தப் பார்த்தவர்களில் படைக்கு உணவுப்பொருள் சேகரிக்க வந்த இளைஞர் ராபர்ட் கிளைவும் ஒருவர். முடியவில்லை. ஊட்டத்தூர் வழியாகப் பின்வாங்கி, திருமழபாடிக்கு மேற்கே கொள்ளிடத்தைக் கடந்து, திருச்சிக் கோட்டைக்குள் புகுந்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை முறுக்கு வரி இல்லாத பழைய மஸ்கட்டுகள். ராபின்ஸ் சொன்ன ரைஃபிள், அவரைச் சம்பளம் கொடுத்து அழைத்துவந்த கம்பெனியின் படையிடமே இல்லை!

120 ஆண்டுகள் கழித்து

ரைஃபிளில் ஒரு சிக்கல் இருந்தது. வரிகளைப் பிடிக்க குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமான குண்டை வாய்வழியே கெட்டிக்க நேரம் ஆகும். அதோடு, கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. நாலைந்து முறை சுட்டதும் குழாயில் கரி படிந்துவிடும். இதற்கு ஒரு வழி, வெடிக்கும்போது தானே விரியும் குண்டு. தென்னிந்தியாவில் ஊதுகுழல் அம்பின் அடியில் நெட்டி போன்ற மென்பொருள் விரிந்து குழலை அடைப்பதைப் பார்த்துத்தான் கேப்டன் நார்டன் என்ற ஆங்கிலேயருக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1849இல் பிரெஞ்சுக்காரர் மினியே இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

1871இல் பிரிட்டிஷ் படை மார்டினி ஹென்றி என்ற ரைஃபிளை ஏற்றது. ஒரு நேரத்தில் ஒரே தோட்டா, பின்பக்கம் திறந்து போட வேண்டும். மருந்து 85 கிரெய்ன், குண்டு 480 கிரெய்ன். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் தேன்மெழுகு வில்லை, குண்டைச் சுற்றிக் காகிதம். படியும் கரியைச் சமாளிக்கத்தான் இந்த ஏற்பாடு.

480ஐ 85ஆல் வகுத்துப் பாருங்கள். ஐந்தே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. ஆறில் ஒரு பங்குக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கும் நடுவில்! ராபின்ஸ் அந்த விதியைச் சொன்னது பீரங்கிக்குத்தான், இது வேறு வகை ஆயுதம். அதனால் இதை அவர் கண்ட ஆரூடம் என்று சொல்ல முடியாது. ஆனால் கருமருந்துக்கு ஓர் எல்லை உண்டு, அதை ஊகத்தால் அல்ல, சுட்டு அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும் என்ற வழி அவருடையது.

நமக்கு என்ன?

இந்த மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கோட்டை கட்ட வந்தவரை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவருக்குச் சிலை வைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் அளந்த பொருள் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. 2023 அக்டோபர் 9ஆம் தேதி, திருமழபாடி இருக்கும் அதே திருமானூர் வட்டாரத்தில், விரகாலூரில் ஒரு வெடி தயாரிக்கும் ஆலை வெடித்துப் பல தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். துப்பாக்கியிலிருந்து கருமருந்து போய் நூறாண்டுக்கு மேல் ஆகிறது. நம் திருவிழாக்களிலிருந்து அது போகவில்லை.

ராபின்ஸின் எழுத்துகளை 1761இல் ஜேம்ஸ் வில்சன் என்பவர் தொகுத்து வெளியிட்டார். அவர் இருந்த கோட்டையை 1758இலேயே பிரெஞ்சுக்காரர்கள் இடித்துவிட்டார்கள். கோட்டை போய்விட்டது, கணக்கு நின்றுவிட்டது. மருந்து பழக்கத்துக்கும் தைரியத்துக்கும் கட்டுப்படாது, அளவுக்குத்தான் கட்டுப்படும் என்பதே அந்தக் கணக்கு. அடுத்த முறை கோயில் திருவிழாவில் வேட்டுச் சத்தம் கேட்கும்போது, அதற்கு மருந்தை அளந்து போட்ட கைகளையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.