மெத்தில்சிலேன்

ஒரு சிலிக்கன் அணுவோடு ஒரு மெத்தில் தொகுதியும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் இணைந்த நிறமற்ற வாயு. மூலக்கூறு எடை 46.1, கொதிநிலை சுமார் −57° செ. சிலிக்கன் கார்பைடு மென்படலம் படியவைக்கப் பயன்படுகிறது.

சூரிய மின்கலங்களுக்கான மென்படல ஆய்வில் பயன்படும் சிலேன் இதன் நெருங்கிய உறவு. சிலேன் காற்றுப் பட்டதுமே பற்றிக்கொள்ளக்கூடியது. மெத்தில்சிலேனுக்குப் பெரும்பாலும் ஒரு பொறி வேண்டும். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பற்றாமல் கசிந்தால், காற்றைவிடச் சுமார் 1.6 மடங்கு கனமான இவ்வாயு தரையோடு பரவித் தேங்கும். பிறகு ஒரு சுவிட்சின் பொறியே போதும். காரம் பட்டால் ஹைட்ரஜன் வெளிவரும். எரியும்போது வெண்ணிறச் சிலிக்காத் தூள் உண்டாகிக் கசிவுள்ள இடத்தைச் சுற்றிப் படியும். முதலில் வால்வை மூட வேண்டும்; முடியாவிட்டால் தீயை அணைக்காமல் எரியவிட்டு, சிலிண்டரைத் தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விக்க வேண்டும்.