வேலியில்லா வயல்

வரலாறு என்றதும் போர்களையும் முடிமன்னரையுமே நாம் நினைக்கின்றோம். ஆயின், இரு சமூகங்களின் உறவு வளர்வதும் முறிவதும் பெரும்பாலும் வயலிலும் வீட்டு வாசலிலுமேயாம். வட அமெரிக்காவின் வாம்பனோவாக் மக்களின் கதை இதற்குத் தக்க சான்று.

1620ஆம் ஆண்டின் இறுதியில் 'மேபிளவர்' கப்பலில் வந்த ஆங்கிலேயர் பிளிமதிற் குடியேறினர். ஏறக்குறைய 100 பேரிற் பாதிப்பேர் முதற் குளிர்காலத்திலேயே மாண்டனர். அவர்கள் குடியேறிய இடம், சில ஆண்டுகளுக்கு முன் கொள்ளைநோயால் மனிதரற்றுப்போன பட்டுக்செற் என்னும் ஊர். அவ்வூரவனாகிய ஸ்குவாண்டோ 1614இல் ஆங்கிலக் கப்பலோட்டி ஒருவனாற் கவரப்பட்டு ஸ்பெயினுக்குக் கொண்டுபோகப்பட்டவன். மீண்டு வந்தபோது தன் ஊரே இல்லாதிருக்கக் கண்டவன். அவனே குடியேறினோர்க்குச் சோளத்துக்கு மீனைப் பசளையாக இடக் கற்பித்தான். 1621இல் தலைவன் மசசொயிற் அவர்களோடு உடன்படிக்கை செய்தான். அவ்வாண்டு அறுவடையின்போது 90 வீரருடன் வந்து, ஐந்து மான்களை அளித்து, மூன்று நாள் உடனிருந்து உண்டான்.

இவ்விணக்கம் ஏன் நிலைக்கவில்லை? வாம்பனோவாக் மக்கள் மாடும் பன்றியும் வளர்த்தறியார். ஆதலின் அவர்தம் வயல்களுக்கு வேலியில்லை. ஆங்கிலேயர் அவிழ்த்துவிட்ட பன்றிகளோ சோளத்தைத் தின்றன. கடற்கரைச் சிப்பிகளையும் கிளறின. நிலத்தைக் கொடுத்தபின்னும் அங்கு வேட்டையாடலாம் எனக் கொடுத்தவர் எண்ணினர். வாங்கியவரோ முழுவுரிமை கொண்டாடினர். வேலிச் சண்டையின் கொடுமையை யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துரைக்கவும் வேண்டுமோ? 1675இல், மசசொயிற்றின் மகன் மெற்றாகொம் காலத்திற் போர் மூண்டது. மறு ஆண்டு அவன் கொல்லப்பட்டான். அவன் மக்களிற் பலர் அடிமைகளாகக் கடல்கடந்து விற்கப்பட்டனர்.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. 1663இல் யோன் எலியற் பாதிரியார் அம்மக்களின் மொழியில் விவிலியத்தை அச்சிட்டிருந்தார். நோக்கம் மதமாற்றமே. பிற்காலத்தில் அம்மொழி பேச்சொழிந்து போயிற்று. 1993 முதல் வாம்பனோவாக் மக்கள் அந்நூலையும், தம் மூதாதையர் எழுதிவைத்த காணி உறுதிகளையும் துணைக்கொண்டே தாய்மொழியை மீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகின்றனர்.

மிஷன் பாடசாலையிற் கற்ற எனக்கு இச்செய்தி புதிதன்று. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைநின்ற நாவலர் பெருமானே, அச்சியந்திரத்தைச் சைவத்தின் தொண்டாக்கினார் அன்றோ? கருவி எவர் கையிலிருந்து வந்ததாயினும் ஆகுக. அதை எதற்கு ஆக்குகின்றோம் என்பதே கேள்வி. இளைஞர்காள், நம் கையிலுள்ள கல்வியை நாம் எதற்கு ஆக்கப்போகின்றோம்?